ஏலக்காய் மணத்த நான்கு டயர்கள்

எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். டயரைப் பற்றித் தெரியாதவர் என்று ஒருவரும் கிடையாது. என் வண்டியின் டயர் தேய்கிறவரை இந்த ஞானமெல்லாம் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தேய்ந்தது தெரிந்த அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரும் வாயைத் திறந்துவிட்டார்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறம், சின்ன உடம்பு, அந்த உடம்புக்குக் கொஞ்சம் அதிகமான எஞ்சின். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். சக்கரம் பெரிது, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் மெல்லியது. கோயம்புத்தூரில் ஓர் இளைஞன் ஆசை ஆசையாக வாங்கி, கல்யாணம் நிச்சயமானதும் ஏழு பேர் உட்காரும் வண்டிதான் கௌரவம் என்று பெண்வீட்டார் சொன்னதால் விற்றுவிட்டான். என் சம்பாத்தியத்தில் நான் வாங்கினேன். அது என் வண்டி என்று தேனியில் இன்றுவரை யாரும் நம்பியதில்லை. பெட்ரோல் பங்கில் "தம்பி வண்டியா டாக்டர்?" என்பார்கள். எனக்குத் தம்பியே கிடையாது. முதலில் மறுத்துப் பார்த்தேன். அப்புறம், "ஆமா, வெளிநாட்டுல இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் காற்று அடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

நான் பல் டாக்டர். தேனியில் தெருவுக்கு மூன்று பல் டாக்டர்கள் இருக்கிறோம். பல் வலிக்கிறவர்களைவிடப் பல் பார்க்கிறவர்கள் அதிகம். அதனால் நான் மலை ஏறினேன். போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து நாற்காலியும் கம்ப்ரஸரும் போட்டேன். இரண்டு மாநிலத்திலும் பதிவு வாங்கி முடிப்பதற்குள் எனக்கே பல் ஆடிப்போனது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போவேன். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் கன்னம் வீங்கி வருவார்கள். என்னை விட்டால் அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் பிடித்து இறங்க வேண்டும். அந்த அறையில் நான் யாருடைய மருமகளும் இல்லை. என் கைவேலையை மட்டும் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மலைப்பாதையும் பிடித்திருந்தது. கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்து உள்ளே நுழைந்து, பாதி வளைவில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தால் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும். அந்தச் சுகத்தை வீட்டில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. பெண்ணுக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும் என்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் கேட்பார்கள்.

வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கீழே தேனியில் புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்தபோதே மேலே சாரல் பிடித்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கிளினிக்கை மூடிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். நனைந்த வளைவு ஒன்றில் நான் திருப்பிய பக்கம் போகாமல் வண்டி அது நினைத்த பக்கம் போனது. வேகமாகக்கூடப் போகவில்லை. ஸ்டியரிங் கையில் லேசாகிப்போனது, அவ்வளவுதான். தடுப்புச் சுவரை உரசுவதற்குக் கொஞ்சம் முன்னால் பிடி கிடைத்து நின்றது. இறங்கி டயரைப் பார்த்தேன். முன்னால் இரண்டும் பட்டன் மழுங்கிப் பல்லை இளித்தன. பின்னால் இரண்டும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தன. தேய்ந்த பல்லை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கிற நான், இதைக் குனிந்து பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அதை வீட்டில் சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் கணவர் தேனியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். கத்திரிக்காய்க்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்பதைச் சொந்தமாக முடிவு செய்வார். மற்ற எல்லாவற்றுக்கும் போடியில் இருக்கும் அவருடைய அண்ணனுக்குப் போன் போடுவார். அண்ணன் ஏலக்காய் வியாபாரி. மேலே சொந்தத் தோட்டம், அதில் காய் உலர்த்தும் ஸ்டோர், போடியில் கடை. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் தும்மினால் எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். அத்தான் முழுக் கதையும் கேட்டார். பிறகு சொன்னார்.

"தம்பி, மழைக்கு முந்தி டயரை மாத்து. ரேட்டு கட்டலைன்னா வண்டியக் குடுத்துரு. குடுத்துட்டா அந்தப் பிள்ள மேல போறதையும் விட்டுறட்டும். இங்கன இல்லாத பல்லா அங்கன இருக்கு?"

"அண்ணன் சொல்றதும் சரிதான்" என்றார் என் கணவர்.

ஆக, டயரைப் பற்றி ஆரம்பித்த பேச்சு என் கிளினிக்கில் போய் முடிந்தது. கட்டுப்படியாகிற விலையில் நான்கு டயர் கிடைத்தால் நான் மலை ஏறலாம். கிடைக்காவிட்டால் வண்டி போகும், நாற்காலியும் கம்ப்ரஸரும் போகும், நான் தேனியில் நான்காவது பல் டாக்டராகத் தெருமுனையில் ஈ ஓட்டலாம். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. எல்லோரும் என் உயிர்மேல் உள்ள அக்கறையால் பேசுவது போலவே பேசினார்கள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மதுரை ரோட்டில் இருக்கும் டயர்க்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், "சார் வரலையா?" என்றார். வரவில்லை என்றேன். நாற்காலி போட்டார். வண்டியில் வந்த அதே டயரின் விலையைக் கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். ஒரு கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம், கன்றோடு.

"குறைஞ்ச விலையில வேற இருக்கா?"

"இருக்கு டாக்டர். இதப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கும். ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க சலிச்சுப்போய் வண்டியை மாத்துனாலும் இது தேயாது."

"மழையில புடிக்குமா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். எங்கள் ஊரில் டயரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது ஒன்றுதான் கேள்வி. டயர் என்பது தேயாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் என்று எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் நம்புகிறது. தேயாத டயரோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தால்கூட, "டயரு பாரு, புதுசு மாதிரியே இருக்கு" என்று பாராட்டிவிட்டுத்தான் உடம்பைத் தூக்குவார்கள்.

அடுத்த சில நாட்கள் யோசனைகள் வந்துகொண்டே இருந்தன. டயரில் நைட்ரஜன் அடித்தால் தேய்மானமே இருக்காது என்று மெடிக்கல் ஷாப்காரர் சொன்னார். அவர் கடைக்கு வெளியே நிற்கும் ஸ்கூட்டரில் எந்தக் காற்றும் இல்லை. பழைய டயர்மேல் புதுப் பட்டன் ஒட்டிவிடலாம், லாரிக்கெல்லாம் அப்படித்தான் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். பல் செட்டை அடுத்தவர் வாயிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்வீர்களா என்று அவரிடம் கேட்டேன். கோபித்துக்கொண்டார். அவருடைய பல் செட் நான் செய்து கொடுத்தது. பெண்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதால்தான் டயர் தேய்கிறது என்று ஒரு சொந்தக்காரர் கண்டுபிடித்தார். அவர் மலை ஏறும்போது என் வண்டியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டுக்கொண்டே வருகிறவர்.

இணையத்தில் தேடினேன். வெள்ளைக்காரர்கள் பந்தயச் சாலையில் வட்டமடித்து, ஒரு வட்டத்துக்கு இம்மியளவு நேரம் குறைந்தது என்று குதிக்கிறார்கள். பனியில் ஓட்டிக் காட்டுகிறார்கள். வளைவில் எதிரே கேரள பஸ் உரிமையோடு உங்கள் பக்கத்தில் வரும்போது, தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப் பின்னால் ஹாரன் அடிக்கும்போது, நனைந்த தாரில் எந்த டயர் நிற்கும் என்பதை யாரும் எழுதவில்லை. ஆனாலும் உட்கார்ந்து படித்தேன். ஒரு விஷயம் விளங்கியது. ரப்பர் மெத்தென்று இருந்தால்தான் நனைந்த ரோட்டைப் பிடிக்கும். பிடிக்கிற ரப்பர் தேயத்தான் செய்யும். தேயாதது பிடிக்காது. இரண்டும் ஒரே டயரில் வேண்டுமென்றால் கறவை மாட்டின் விலை கொடுக்க வேண்டும்.

எனக்குப் பிடிதான் வேண்டும். அப்படித் தேடியதில் நடுத்தர விலையில் ஒன்று கிடைத்தது. பெரிய பெயர் இல்லை, விளம்பரம் இல்லை. மழையில் நன்றாக நிற்கிறது, கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது, ஓடும்போது சத்தம் போடுகிறது. சத்தம் போடட்டும், எங்கள் வீட்டில் யார்தான் போடவில்லை? வண்டியில் வந்த டயரின் பாதி விலைதான். கட்டுப்படியானது. கடைக்காரரிடம் சொன்னேன். ஆர்டர் போட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார். மறுநாள் முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்குள் ஒரு நிம்மதி. ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவருக்கு அத்தானின் போன் வந்தது.

"இன்னும் டயருக்கா அலையுதீக? எனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அதே சைஸு நாலு, பிரிக்காத புதுசு, நம்ம ஸ்டோர்ல கிடக்கு. காலைல கொண்டாரேன்."

என் கணவரின் முகம் தீபாவளி வந்த மாதிரி ஆனது.

அத்தானுடைய மகனுக்கும் முன்பு இதே மாதிரி வண்டி இருந்தது. அவனுக்காக நான்கு டயர் வாங்கி வைத்திருந்தார். மாட்டுவதற்குள் அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்துவிட்டது. வண்டியை விற்றார்கள். டயர் தங்கிப்போனது. காலையில் அவருடைய ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஏலக்காய் மூட்டைகளோடு மூட்டையாக நான்கு டயர். அத்தானே இறங்கினார், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல். டிரைவர் டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து வாசலில் சாய்த்தார். தெருவில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

டயர்கள் பளபளவென்று மின்னின. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். கிட்டப் போனதும் வாசனை அடித்தது. ரப்பர் வாசனை இல்லை, சுத்தமான ஏலக்காய் வாசனை. பாயசத்தில் போடலாம் போல இருந்தது.

"எங்கன வச்சிருந்தீக அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார். "காய் காயிற ரூமுக்கு மேல பரண்ல. ஒரு பொட்டு ஈரம் அண்டல தாயி. ஏழு வருசம். நல்லாக் கதகதன்னு வச்சிருந்தேன்."

எங்கள் பக்கத்தில் ஏலக்காய் வியாபாரி பயப்படுவது ஒன்றுக்குத்தான், ஈரத்துக்கு. ஈரம் பட்டால் காய் பூஞ்சை பூத்துப்போகும், நிறம் போகும், விலை போகும். அதனால் எதையெல்லாம் காப்பாற்ற வேண்டுமோ அதையெல்லாம் அவர்கள் சூட்டில் வைப்பார்கள். அத்தான் வீட்டுப் பத்திரங்களே அந்தப் பரணில்தான் ரொம்ப நாள் இருந்தன என்று கேள்வி. பச்சைக்காயை ராப்பகலாக வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் உலர்த்தும் அறை அது. அதற்கு மேலே ஏழு வருஷம் இந்த நான்கு ரப்பரும் காய்ந்திருக்கின்றன. டயரைப் பத்திரப்படுத்த நினைத்து, இவ்வளவு அக்கறையாக, இவ்வளவு செலவில்லாமல் அதைக் கொல்ல ஓர் ஏலக்காய் வியாபாரியால்தான் முடியும்.

நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பலாக்கொட்டை மாதிரி இருந்தது. பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கட்டை விரலால் விரித்தேன். உள்ளே மெல்லிய வெடிப்புகள், வலை பின்னினது போல.

"அத்தான், இது காஞ்சுபோச்சு."

"காஞ்சாத்தான தாயி நல்லது?"

"ரப்பர் காயக்கூடாது அத்தான். வெடிச்சிருக்கு பாருங்க. மழையில வழுக்கும்."

என் கணவர் இருமினார். தெருவில் நின்றவர்கள் இன்னும் ஓர் அடி கிட்ட வந்தார்கள். அத்தானின் முகம் சற்று இறுகியது. "ஒரு கிலோமீட்டர் ஓடாத டயரு. முள்ளுகூடப் போகல பாரு" என்று புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகளைத் தடவிக் காட்டினார். ஏழு வருஷமாகப் புதிதாகவே இருக்கிறதாம்.

அவரோடு டயர்ப் பேச்சு பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அவருடைய தொழில் பேச்சில் கேட்டேன். "அத்தான், இதையே காயா நெனச்சுப் பாருங்க. இப்படி வெடிச்சு வந்தா என்ன தரம் போடுவீக?"

ஒன்று சொல்ல வேண்டும். சரக்கு பார்ப்பதில் அவர் பொய் சொல்ல மாட்டார். அது அவருக்குச் சாமி மாதிரி. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேட்டியை ஒதுக்கிக் குனிந்தார். பள்ளத்தை விரித்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் விரித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. இனி பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"லேசா வெடிப்பு இருக்கு. இல்லைன்னு சொல்லல. வெளிப் பார்ட்டிக்குக் குடுக்க முடியாது. வீட்டுக்குத் தாராளமாப் போதும்."

ஏலக்காய் வீடுகளில் இது பழக்கம். உருண்டு திரண்ட பச்சைக்காய் எல்லாம் வடநாட்டுக்கும் அரபுநாட்டுக்கும் மூட்டை கட்டிப் போய்விடும். வெடித்தது, வெளுத்தது, பொறுக்கித் தள்ளியது வீட்டுச் சமையலறைக்கு வரும். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டு டீயில் நான் போட்டது வெடித்த காய்தான். அதைப் பற்றி எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. வெடித்த காயிலும் மணம் இருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது, அவர் கணக்கில் வீடு என்பதில் நானும் ஒரு சாமான் என்று. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே தாராளம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"அதான் அண்ணனே பாத்துச் சொல்லிட்டாகள்ல" என்றார் என் கணவர். "காப்பி கொண்டாம்மா."

காப்பி கொண்டுவந்தேன்.

மறுநாள் அந்த நான்கையும் மாட்டிக்கொண்டு வர என்னையே அனுப்பினார்கள். சின்ன வண்டி. ஒன்று டிக்கியில், இரண்டு பின்சீட்டில், ஒன்று எனக்குப் பக்கத்து சீட்டில். அதற்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்திக்கொண்டே இருந்ததால் பெல்ட்டும் போட்டுவிட்டேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த மாதிரி மரியாதையோடு யாரையும் பக்கத்தில் உட்கார வைத்ததில்லை.

மதுரை ரோட்டுக் கடைக்காரர் டயரை அழுத்திப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"அண்ணன் குடுத்தாகளா?"

"ஆமா."

"அப்ப மாட்டிருவோம்."

"உங்க வண்டிக்கு இதை மாட்டுவீகளா?"

"நம்ம வண்டி வேற சைஸு டாக்டர்" என்றார் அவசரமாக.

"இது வேணாம். நான் சொன்ன டயரை வரவழைங்க. இப்பவே பணம் தாரேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "தந்துரலாம் டாக்டர். அண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது. நாளைக்கு என்னையக் கேப்பாக." என் வண்டி, என் பணம், என் உயிர். அனுமதிச் சீட்டு மட்டும் போடியில் இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

அடுத்த கிளினிக் நாளில் நல்லவேளையாக வெயில் அடித்தது. பழைய டயரோடு ஒவ்வொரு வளைவிலும் மாட்டுவண்டி வேகத்தில் ஏறினேன். பின்னால் வந்த ஜீப்காரர்கள் எல்லோரும் என் பரம்பரையை விசாரித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். கிளினிக் இருக்கும் ஊரின் கடைவீதியில் ஒரு டயர்க்கடை உண்டு. உள்ளே போனேன்.

"ஏது சைஸ் டாக்டரே?" என்றார் கடைக்காரர்.

சொன்னேன். எந்த டயர் என்பதையும் சொன்னேன். கோட்டயத்திலிருந்து வரவழைக்க வேண்டும், அடுத்த முறை வரும்போது தயாராக இருக்கும் என்றார். அவ்வளவுதான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அடுத்த முறை நான் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் நான்கு டயரும் மாட்டி, அலைன்மென்ட்டும் பார்த்து முடித்திருந்தார்கள். இறங்கும்போது சாரல் விழுந்தது. முன்பு வழுக்கிய அதே வளைவில் வண்டி நான் திருப்பிய பக்கம் போனது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

வீட்டில் சண்டை நடந்தது. என் கணவர் ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்கினார், அண்ணன் மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று கேட்டார். முழிக்க வேண்டாம், சொல்லவே வேண்டாம் என்றேன். அந்த யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. துணிச்சலான காரியம் எதையும் செய்யாமல் இருக்கச் சொன்னால் அவர் உடனே ஒப்புக்கொள்வார். ஏலக்காய் டயர்கள் நான்கையும் அவருடைய கடைக் குடோனில் மருந்துத் தெளிப்பான்களுக்குப் பின்னால் அடுக்கிச் சாக்கைப் போட்டு மூடினார். இரண்டு நாளில் பூச்சிமருந்து வாசனை ஏலக்காய் வாசனையைத் தின்றுவிட்டது.

அந்த மழைக்காலம் முழுவதும் வாரத்தில் மூன்று நாள் மலை ஏறி இறங்கினேன். மேலே சாரல் விட்ட நாளே கிடையாது. வண்டியை விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் அத்தான்தான். கல்யாண வீடுகளில், வளைகாப்பில், எங்கே நான்கு பேர் கூடினாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். "எப்படி ஓடுது டயரு?"

"நல்லா ஓடுது அத்தான்" என்பேன். அதில் பொய் இல்லை.

"ஏழு வருசம் வச்சுக் காப்பாத்துனேன்" என்று மற்றவர்களிடம் சொல்வார். "வாங்கப் போயிருந்தா எம்புட்டு ஆகியிருக்கும்? நம்ம வீட்டுப் பிள்ளை மலையேறிப் போகுது, சும்மா விட முடியுமா?" கேட்டவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், இப்படி ஒரு மூத்தாரைப் பெற்ற பாக்கியசாலி என்று. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பல் டாக்டருக்கு அது கஷ்டமான வேலை இல்லை.

மழை ஓயாத ஒரு மாதத்தில் அவருடைய மகன் கனடாவிலிருந்து லீவில் வந்தான். வந்த மறுநாளே தேனிக்கு வந்து என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பழைய வண்டியின் ஞாபகம் வந்திருக்கும். மேலே தோட்டத்தில் நண்பர்களைச் சந்திக்கப் போக வேண்டும், ஒரு நாள் தர முடியுமா என்று கேட்டான். கெட்டிக்காரப் பையன், நன்றாக ஓட்டுவான். மறுநாள் எனக்குக் கிளினிக் இல்லை. சாவியைக் கொடுத்தேன். காலையில் கிளம்புவதாக இருந்தது. ராத்திரியிலிருந்து தூறிக்கொண்டிருந்தது.

அவன் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறப்போன நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. முழுதாக நிற்பதற்கு முன்பே அத்தான் இறங்கிவிட்டார். குடை இல்லை. சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"எறங்குடா. சாவியக் குடு. இந்த வண்டில மேல போகாத."

"ஏன்ப்பா? சித்தி டெய்லி போறாங்களே?"

"சொன்னாக் கேளு. அதுல அந்தக் காஞ்ச டயரு மாட்டியிருக்கு. மழைல நிக்காது. வெடிப்பு விட்டது நான் கண்ணால பாத்தேன். ஜீப்பை எடுத்துட்டுப் போ."

என் கணவர் வாசல்படியில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் டம்ளருக்குள் எதையோ தேடினார். அத்தான் தான் சொன்னதைத் தானே இன்னும் கேட்கவில்லை. மகனுடைய கையிலிருந்த சாவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தியிருக்கலாம். தெருவே கூடும்படி கேட்டிருக்கலாம். ஆனால் என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"பயப்படாதீக அத்தான். அதுல இருக்கிறது உங்க டயர் இல்ல. நான் வாங்கின டயரு. பிள்ளை போயிட்டு வரட்டும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, நனைந்த தரையில் குனிந்து, முன் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பின் டயரையும் பார்த்தார். மெல்ல எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், குறைந்தது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அவர் முகத்தில் வந்தது வெறும் நிம்மதி, மகன் பிழைத்தான் என்கிற நிம்மதி. அந்த நிம்மதியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.